காதுக்கு ஒரு பெட்டி

அடைப்புக்குறிக்குள் 'கேட்கவில்லை' என்று அடிக்க நான் விசைப்பலகையைப் பார்க்கவே வேண்டாம். விரல்களுக்கு அவ்வளவு பழகிவிட்ட சொல் அது. பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. சென்னையில் உள்ள ஓர் ஆய்வு அலுவலகத்து ஆட்கள் ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கும் இன்னும் எங்கெங்கோ உள்ள ஊர்களுக்கும் போவார்கள். நிலக்கடலை பிடுங்குகிறவர்களிடமும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடமும் மணிக்கணக்கில் பேசிப் பதிவு செய்வார்கள். அது ஆம்பூரில் என் வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும். புரியாத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது, அந்தக் குறியைப் போட வேண்டும். அதுதான் விதி.

பக்கத்துக்கு ஒன்றிரண்டு குறி இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வயலில் காற்று வீசும், ஆடு கத்தும், பஸ் போகும். ஆனால் போன வருடக் கடைசியில் என் பக்கங்களில் ஆறு, ஏழு என்று ஏறத் தொடங்கியது. எனக்கு வேலை அனுப்பும் அலுவலகப் பெண் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். என்னை நேரில் பார்த்ததே இல்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த செட்டும் இப்படியே வந்துச்சுன்னா வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்றாங்க. நெறைய இடத்துல எனக்கே நல்லா கேக்குது. உங்களுக்கு ஏன் கேக்கலன்னு தெரியலக்கா."

எனக்கே கேட்கிறது என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இந்த வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம், அதற்கு எனக்குத் தைரியம் உண்டு. காது போனால் எங்கே போய்த் தேடுவது?

பயப்படக் காரணம் இருந்தது. இதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றவள் நான். நூறு தையல் மெஷின் ஓடும் ஹால். என் இடது பக்கம் ஒரு சுத்தியல் மெஷின், தைத்த மடிப்பைத் தட்டித் தட்டிச் சமப்படுத்தும் மெஷின், காலை முதல் மாலை வரை அடித்துக்கொண்டே இருக்கும். தைத்து வரும் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் மேஜையிலிருந்து போகும் துண்டுகளில் அம்பு ஜாஸ்தி என்று எனக்குப் பெயர். கடைசியில் ஒரு நாள், கண்டெய்னர் கிளம்பும் அவசரத்தில், நான் ஒட்டிய அம்புகளை சூப்பர்வைசர் என் கண் முன்னாலேயே பிய்த்துப் போட்டார். ஏப்ரனைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும், அதை நான் மறைத்ததும் இல்லை.

அந்த ஹாலில் வேலை பார்த்த பெண்கள் பலர் ஒன்றைச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் மெஷின் ஓடுகிறது என்று. எனக்கு அப்போது ஓடியதில்லை. இனிமேல் ஓடுமோ என்ற பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது. வேலூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறார்கள். கொஞ்ச நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு நான் போகவில்லை. காட்டாத வரைக்கும் காது நன்றாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு முட்டாள்தனமான ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருக்கிறார். ஸ்டேஷனுக்குள் நுழையும் வண்டியைத் தண்டவாளத்து ஓரமாக நின்று பார்த்து, சக்கரச் சத்தத்தைக் கேட்டு, எந்தப் பெட்டியில் கோளாறு என்று சொல்வது அவர் வேலையில் ஒரு பகுதி. அதனால் சத்தம் சம்பந்தமாக யார் எது பேசினாலும் அவர் அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க மாட்டார்.

"உன் காதுல ஒண்ணும் இல்லம்மா. அந்த ஓட்டைக் கம்ப்யூட்டர்ல இருக்குது கோளாறு," என்றார்.

"நீங்க டாக்டரா?"

"டாக்டர் இல்ல. ஆனா சத்தம் எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டூட்டி முடிந்து வந்ததும் போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுவார். மூன்று வாரம் அது நடந்தது. அதில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டருக்குள் பேச்சும் பாட்டும் வெறும் எண்களாகத்தான் கிடக்கின்றன. அந்த எண்களைச் சத்தமாக மாற்றுவது கன்வெர்ட்டர். அந்தச் சத்தத்துக்குத் தெம்பு கொடுத்து ஹெட்போனைப் பேச வைப்பது ஆம்ப்ளிஃபயர். இரண்டுமே கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன, ஆனால் ஏதோ கடமைக்கு வைத்த மாதிரி இருக்கும். என் ஹெட்போனோ ஸ்டுடியோக்களில் பயன்படுத்தும் பெரிய ரகம், வேலூர் பஜாரில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்குத் தெம்பு போதவில்லை, மேஜையில் வைக்கிற மாதிரி தனியாக ஒரு பெட்டி வாங்கி அதன் வழியாகக் கேட்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. புள்ளிக்குப் பிறகு எத்தனை பூஜ்ஜியம் என்றெல்லாம் ஆரம்பித்தபோது நான் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்காரருக்கே பாடம் எடுப்பார் என்று, ஒரு செவ்வாய்க்கிழமை நான் மட்டும் பஸ் ஏறினேன். ஹெட்போன் வாங்கிய அதே கடை. மைக் செட், கீபோர்டு, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் மசூதிக்கும் போகிற ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாவற்றையும் ரிப்பேர் செய்யும் பாய் அவர். என்னை நினைவு வைத்திருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு மூன்று பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று கருப்பு, செங்கல்லைப் போல் கனம். ஒன்று வெள்ளி நிறம், முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள். மூன்றாவது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்தது, ஒரு மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது.

நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகக் கடை வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரங்களில் விரலை ஓட்டினேன். ஸ்க்ரூ நேராக இருக்கிறதா, அடியில் உள்ள ரப்பர் கால் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவா. பெயின்ட் உரிந்த பெட்டியைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் ரிஜெக்ட் செய்து ஓரமாகத் தள்ளினேன். பதினான்கு வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது.

மற்ற இரண்டிலும் கேட்டுப் பார்க்க பென் டிரைவில் ஒரு பதிவு கொண்டு போயிருந்தேன். முந்தின வாரம்தான் அடித்து முடித்த பதிவு. இரண்டிலுமே சொல் சொல்லாகக் கேட்டது. கருப்புப் பெட்டியில் இன்னும் கணீரென்று இருந்தது. இதுதான் என்றேன்.

"அது வெறும் ஆம்ப்மா. இங்க என் கன்வெர்ட்டர்ல சொருகிக் கேக்கறீங்க. வீட்ல கன்வெர்ட்டர் தனியா வேணும். இல்லன்னா மத்த ரெண்டுல ஒண்ணு எடுங்க, அதுல ரெண்டும் சேர்ந்தே இருக்கு," என்றார் பாய்.

ஒரு பொருள் கேட்டால் இரண்டு பொருள் தலையில் கட்டுகிறார் என்று நினைத்தேன். "ஹெட்போன் ஓட்டையிலயே சொருகிக்கிறேன் பாய். இது போதும்," என்றேன். அவர் மறுபடி ஒரு முறை சொன்னார். நான் மறுபடி ஒரு முறை போதும் என்றேன். அவர் பில்லில் என்னவோ எழுதி மடித்துக் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் டூட்டிக்குப் போன பிறகு, கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒயரை எடுத்துக் கருப்புப் பெட்டியில் சொருகி, புது செட்டின் முதல் பதிவைத் திறந்தேன். பேச்சு பெரிதாகக் கேட்டது. கூடவே ஓர் இரைச்சல். பல்லைக் கடிக்கும்போது மண்டைக்குள் கேட்கிற மாதிரி, விட்டு விட்டு ஒரு கிர்ர். சத்தத்தைக் கூட்டினால் அதுவும் கூடியது. ஹெட்போனைக் கழற்றினால் நின்றது. வெளிச்சத்தம் அடைபட்டதும் என் காதுக்குள் இருக்கும் இரைச்சல் எனக்கே கேட்கிறது என்று விளக்கமும் நானே சொல்லிக்கொண்டேன். ஷூ கம்பெனிப் பெண்கள் சொன்ன மெஷின் எனக்கும் ஓடத் தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, அரிசி களைந்து உலை வைத்து, அடுப்பைப் பற்ற வைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மத்தியானம் அவர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

"இன்னா ஆச்சு?"

"காதுல இரைச்சல் வந்துடுச்சுங்க. இனிமே அவ்ளோதான்."

அவர் சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். பிறர் பேச்சை அவர் கேட்கக் கூடாது என்பதால் பதிவை மூடச் சொன்னேன். எதுவும் ஓடாமலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். நிறுத்தினார். மறுபடி நகர்த்தினார். தண்டவாள ஓரத்தில் நிற்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும் போல.

"இங்க பாரு. மவுஸை நகர்த்தினா கத்துது, நிறுத்தினா நின்னுடுது. எனக்கும் கேக்குது. உன் காதுல ஓடற மெஷினு என் காதுல எப்படி ஓடும்?"

நானும் மாட்டிப் பார்த்தேன். மவுஸ் நகர்ந்தால் கிர்ர். நின்றால் இல்லை. போன வருடக் கடைசியிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டர் இப்படிக் கத்தத் தொடங்கியிருக்க வேண்டும். பேச்சுக்குப் பின்னால் சன்னமாகக் கேட்டதால் தனியாகத் தெரியவில்லை. மெஷின் சத்தத்தைக் கேட்காமல் இருக்க நூறு மெஷினுக்கு நடுவே பழகிய காது எனக்கு. இதையும் ஒதுக்கிவிட்டு, இதற்குள் புதைந்துபோன சொற்களையும் சேர்த்து ஒதுக்கியிருக்கிறது. கருப்புப் பெட்டி வந்து எல்லாவற்றையும் பெரிதாக்கியதும்தான் குட்டு வெளிப்பட்டது. பாய் இதைத்தான் இரண்டு முறை சொன்னார். கேட்கிற காது இருந்தும் நான் கேட்கவில்லை, அதற்கு எந்த டாக்டரும் மருந்து தர மாட்டார்.

அந்த வாரமே இரண்டு பேருமாகப் போனோம். பெட்டியைத் திருப்பி எடுப்பாரோ மாட்டாரோ என்று வழியெல்லாம் எனக்குப் பேஜார். பாய் சிரித்தார்.

"பில்லுலதான் எழுதிக் குடுத்தேனேம்மா, மாத்திக்கலாம்னு. பிரிச்சுப் பாக்கலயா?"

பெட்டியில் ஸ்க்ரூவைக்கூட எண்ணிப் பார்த்தவள் பில்லைப் பிரித்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் நான் திரும்பவே இல்லை, திரும்பியிருந்தால் அவர் சிரிப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த முறை ஒழுங்காகச் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். செக்கிங் மேஜையில் ஒரு விதி உண்டு. தன் கை பட்டதைத் தானே செக் பண்ணக் கூடாது. தைத்தவளுக்குத் தன் தையல் நேராகத்தான் தெரியும். போன முறை நான் செய்தது அதுதான். ஏற்கெனவே அடித்து முடித்த பதிவைப் போட்டுக் கேட்டால், என் மனப்பாடம்தான் காதில் விழுமே தவிர பெட்டி சொன்னது விழாது. அதனால் இந்த முறை பென் டிரைவில் இன்னும் திறக்காத ஒரு பதிவைக் கொண்டு போயிருந்தேன். ஒரே ஆள் பேசுவது, ஒவ்வொரு பெட்டிக்கும் அதிலிருந்து ஒரு புதுத் துண்டு. நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். எந்தப் பெட்டி என்று எனக்குச் சொல்லக் கூடாது. கருப்புப் பெட்டியையும் பாயின் கன்வெர்ட்டரோடு சேர்த்துக்கொண்டோம்.

"மூணுலயும் சத்தம் ஒரே அளவா வெக்கணும்," என்றார் பாய். "கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தா அது நல்லா இருக்கற மாதிரியே தோணும். அதுலதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க."

அது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஷூவில் க்ரீமைத் தடவி வைத்தால் தோலின் கீறல் தெரியாது. துடைத்துவிட்டுத்தான் செக் பண்ணுவோம். கருப்புப் பெட்டி கணீரென்று இருந்ததன் ரகசியம் அவ்வளவுதான். தூக்கலாக வைத்திருந்தது.

கைப்பைக்குள் பழைய அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்படியோ இத்தனை வருடம் தங்கியிருந்தது. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு சொல் நழுவினால் அந்தக் கட்டத்தில் ஓர் அம்பு. கடைக்கு வந்த இரண்டு பேர் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். முதல் துண்டில் ஏழு அம்பு விழுந்தது. இரண்டாவதில் ஐந்து, ஆனால் 'ச' எழுத்து வரும் இடமெல்லாம் ஊசி குத்தின மாதிரி இருந்தது, அதோடு எட்டு மணி நேரம் உட்கார முடியாது. மூன்றாவதில் இரண்டே இரண்டு. பேசியவர் மூச்சு வாங்குவதும், பின்னால் யாரோ பாத்திரம் வைப்பதும் தனித்தனியாகத் தெரிந்தது. நம்பிக்கை இல்லாமல், வரிசையை மாற்றி வேறு துண்டுகளில் இன்னொரு சுற்று வைக்கச் சொன்னேன். அதிலும் ஒரு கட்டம் மட்டும் கம்மியாக வந்தது.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு சுற்றிலும் அம்பு கம்மியாக வாங்கியது எது என்று பாய் விரல் வைத்துக் காட்டினார், பெயின்ட் உரிந்த பெட்டி.

"இதைத்தான் கேக்காமலே தள்ளினீங்க," என்றார் பாய்.

"ஷூவா இருந்தா இன்னிக்கும் தள்ளுவேன் பாய்," என்றேன்.

வீட்டில் அதை மாட்டிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். யுஎஸ்பி ஒயர் ஒன்றுதான். எண்கள் எண்களாகவே அந்தப் பெட்டிக்குள் போய் அங்கேயே சத்தமாக மாறுவதால், பழைய ஓட்டைக்கு வேலையே இல்லை. மவுஸை நகர்த்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் வேகமாக நகர்த்தினேன். அந்த அமைதி எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. சும்மா எதையும் ஓட விடாமல் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புது செட்டை ஒன்பது நாளில் முடித்து அனுப்பினேன். பக்கத்துக்கு ஒரு குறி, சில பக்கங்களில் அதுவும் இல்லை. அனுப்பிவிட்டேனே தவிர, சந்தேகம் தீரவில்லை. பெட்டி செய்ததா, என் ஆசை செய்ததா என்று யார் கண்டது? மூன்றாம் நாள் அலுவலகப் பெண்ணின் போன் வந்தது.

"அக்கா, நாங்க மூணு பேரு மாத்தி மாத்திக் கேட்டோம். நீங்க கேக்கலன்னு குறி போட்டிருக்கற இடத்துல எங்க யாருக்குமே கேக்கல. அது கேக்கவே கேக்காதுக்கா. அடுத்த செட் அனுப்பிட்டேன், பாருங்க."

சரிம்மா என்று மட்டும் சொன்னேன். வைத்த பிறகு அடுப்படிக்குப் போய் நின்றேன். ரொம்ப நாளாக என் குறி ஒவ்வொன்றும் என் மேல் விழுந்த குற்றச்சாட்டு மாதிரி இருந்தது. இப்போது எனக்குக் கேட்காதது யாருக்கும் கேட்காதது. இதைவிட நல்ல சர்ட்டிபிகேட் எனக்கு யாரும் தந்ததில்லை.

அந்தத் தெம்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு சன்னமாக இருந்தாலும் அழுத்த வேண்டும் என்று பரிசோதிக்கும் பெண் சொன்னார். வலது காதில் கொசு பறக்கிற அளவுக்குச் சன்னமான சத்தம்வரை அழுத்தினேன். பிறகு இடது காது. கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஓர் இடைவெளி வந்தது. அந்தப் பெண் கையை அசைத்து ஏதோ திருகுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இந்நேரம் சத்தம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துபோனது. கட்டை விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தினால் யாருக்கும் தெரியாது.

நான் அழுத்தவில்லை. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

இடது காதில் உச்ச சத்தங்கள் கொஞ்சம் கம்மி, அது மெஷின் பக்கத்தில் நின்ற காது என்று பரிசோதித்த பெண்ணே கேட்டுத் தெரிந்துகொண்டார். வலது நன்றாக இருக்கிறது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தத்தைக் கம்மியாக வைத்துக்கொண்டால் போதும், வருடம் ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார்.

"இப்ப இன்னா வேலை பண்றீங்க?" என்று சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"காது வேலைதாங்க," என்றேன். "பேசறதைக் கேட்டு எழுதறது."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, பண்ணுங்க, இன்னும் ரொம்ப வருஷம் பண்ணலாம் என்றார்.